நான்காம் மேசை, ஒன்பதாம் பாகம்

சிவப்புக் கோடு இன்றைக்கு இல்லை. அதுதான் குஞ்சிதபாதத்துக்கு இன்னும் அதிகமாக உறுத்தியது. போன சனிக்கிழமை 'நான்காம் மேசை' தொடரின் எட்டாம் பாகத்தைப் போடும்போது, டிவியில் அந்தப் படத்துக்கு அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கோடு ஓடியிருந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். எவ்வளவு தூரம் பார்த்தாயிற்று என்று காட்டுகிற கோடு அது. பாதி பார்த்தால் பாதிக் கோடு, முழுக்கப் பார்த்தால் முழுக் கோடு, இதிலே ஒரு சூட்சுமமும் கிடையாது. அப்படியானால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து முதல்முதலாகப் பார்க்கப் போகிற பாகத்துக்கு முழுக் கோடு எங்கிருந்து வந்தது? அன்றைக்குக் கேட்கவில்லை, மென்று விழுங்கிவிட்டார். கேட்காமல் விட்டதன் பலன், இந்த வாரம் கோட்டையே காணோம். இந்த வாரமும் கோடு இருந்தால் ஏதோ மெஷின் கோளாறு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்; இருந்த கோடு காணாமல் போனால் அதற்கு ஒரு கை வேண்டுமே. முதலிலிருந்து போட்டு உடனே நிறுத்தினால் கோடு அழிந்துவிடும் என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பிரகதாம்பாளுக்கு ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரியும், அதோடு சரி என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருக்கிறவள், அவளுக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்று கேட்டால் எழுந்து நின்று ஒப்பித்துவிடுவார். அந்த ஒப்பித்தலில் இப்போது ஓட்டை விழுந்துவிட்டது. அவளானால் ஒன்றுமே நடக்காதது போல ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை மூன்றில் வைத்து, அவருக்கு இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "போடட்டுமா?" என்றாள். உனக்கென்னம்மா அவசரம், கதைதான் தெரியுமே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "போடு" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பதாம் பாகம் ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றவுடன் ஏதோ நடந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடம், அதன் மாடியில் உளவுத்துறையின் சின்ன ஆபீஸ், ஆபீசில் நான்காவது மேசை, மேசைக்குப் பின்னால் அதிவீரன் என்கிற அதிகாரி, முன்னால் லியோன் என்கிற கப்பல் கம்பெனி குமாஸ்தா. கப்பல்கள் வந்து போகிற விவரத்தை வெளிநாட்டுக்காரனுக்கு விற்றது லியோனா இல்லையா, இவ்வளவுதான் கதை. எட்டு பாகமாக இரண்டு பேரும் டீ குடிக்கிறார்கள். துரத்தல் கிடையாது, வெடி கிடையாது, ஒரு கார் கூட வேகமாகப் போகவில்லை. இரண்டாம் பாகத்தில் ஒரு துப்பாக்கி டிராயருக்குள் போனது, போனது போனதுதான். பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு, அதுவும் வாய்க்குள்ளேயே. இந்த லட்சணத்தில் இருக்கிற ஒரு தொடரால் உறையூர் அடுக்குமாடி முழுக்க இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்றால் நம்புவீர்களா? தண்ணீர் லாரி வருமா வராதா என்று எழுதுவதற்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் இப்போது சனிக்கிழமை விடிந்தால் இதுதான். மேசைக் கட்சி, தூக்கக் கட்சி என்று பெயரே வைத்துவிட்டார் நூருதீன், சிங்காரத்தோப்பில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர், காலை நடையில் கூட வருகிறவர். "ஒரு மனுசன் டீயை ஆத்திக் குடிக்க ஒரு பாகமாங்க? என் கடையில இவ்வளவு மெதுவா வேலை பாத்தா அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவேன்" என்பார். அவரும் தூக்கக் கட்சிதான். ஆனால் கட்சித் தலைவர் யார் என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் குஞ்சிதபாதம். "இது நாடகமா, சவ்வா? ரேடியோவை முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்று அவர் எழுதியதற்கு எத்தனை பேர் கைதட்டியிருந்தார்கள்! மேசைக் கட்சிக்குத் தலைவர் மூன்றாம் மாடி ஞானாதிக்கம், கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து தனியாக இருக்கிறவர், சட்டையைத் தானே கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டுக்கொள்கிறவர். "அவசரப்படாதீங்க சார். அவன் எங்கே நிறுத்துறான், எங்கே மூச்சு விடுறான், அதையெல்லாம் காதைக் கொடுத்துக் கேளுங்க" என்று பூங்காவில் வைத்துச் சொன்னார். காதைக் கொடுத்து! எல்லாரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னாரா, இவரை மட்டும் பார்த்துச் சொன்னாரா என்று குஞ்சிதபாதம் நாலு நாள் யோசித்தார். பிரகதாம்பாள் மேசைக் கட்சி. வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. போன புதன்கிழமை நடையில், சரி, எதிராளிக்கும் ஒரு மரியாதை கொடுப்போம் என்று, "ஒண்ணு சொல்லணும், 'பயந்தவன் டம்ளரை ரெண்டு கையால பிடிப்பான்'னு அதிவீரன் சொன்னானே, அது உருப்படியான பேச்சு" என்றார் இவர். ஞானாதிக்கம் நின்றுவிட்டார். "அப்படி ஒரு வசனம் வரவே இல்லையே சார்?" என்றார். "ஆனா நல்லாருக்கு. அவன் சொல்லியிருக்கலாம்." நூருதீன் சிரித்தார். கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். குஞ்சிதபாதத்துக்கு முகம் சுண்டிவிட்டது. வரவே இல்லையாம்! தன் காதால் கேட்டதை இல்லை என்கிறாரே, இவர் என்ன எழுதியவருக்கு மச்சானா? வீட்டுக்கு வந்து பிரகதாம்பாளிடம் சொன்னபோது அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். "ஏதோ மறந்திருப்பாரு, விடுங்க" என்றாள். அந்தக் குனிதல் இருக்கிறதே, அது வெங்காயத்துக்காகக் குனிந்த குனிதல் இல்லை. எல்லாரும் சேர்ந்துகொண்டு தனக்குப் பின்னால் ஏதோ செய்கிறார்கள் என்கிற எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல, ஆறேழு மாதமாகவே இருக்கிறது. ஓசூரிலிருந்து மகள் மீனலோசனி பேசினால் போனைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறாள் இவள். அங்கே நின்று என்ன முணுமுணுப்பு? மனுஷர்கள் முன்பெல்லாம் வாயைத் திறந்து பேசினார்கள், இப்போது பால்காரன் முதல் பாங்கு மேனேஜர் வரை மோவாயை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசுகிறான். கோயிலில் அர்ச்சகர் கூட முணுமுணுக்கிறார், நட்சத்திரம் கேட்கிறாரா கோத்திரம் கேட்கிறாரா என்று தெரிவதில்லை. டிவியும் அப்படித்தான், எங்கேயோ மட்டமான ஸ்பீக்கரைப் போட்டு ஏமாற்றிவிட்டான். அவர் சத்தத்தைக் கூட்டுவார், இவள் குறைப்பாள். கீழ்வீட்டுக்காரர் யாரோ குழுவில், "டிவி சத்தம் தாங்கவில்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று எழுதியபோது, சரியான மரியாதை கெட்ட ஜனங்கள் யாரோ என்று இவரும் பதிலுக்குக் கண்டித்து எழுதினார். தீபாவளிக்கு வந்த மகள் மீனா திரைக்கு அடியில் ஆங்கிலத்தில் வசனம் ஓடுகிற மாதிரி என்னத்தையோ செய்து வைத்துவிட்டுப் போக, அவருக்கு வந்ததே கோபம்! "தமிழனுக்குத் தமிழ் புரியாதுன்னு இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுறியா? எடு அதை" என்று போனில் கத்தினார். எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்தான் ஒருநாள், "அப்பா, ஒரு தடவை காது டாக்டரை..." என்று ஆரம்பித்தது. மீதியைச் சொல்ல விடவில்லை.

யாரிடம் வந்து என்ன பேச்சு? இந்தக் காது எப்படிப்பட்ட காது! வெளியூர் டெலிபோன் பேச்சையெல்லாம் கையால் இணைத்துவிடுகிற திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் குஞ்சிதபாதம் போர்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் மற்றவர்கள் கைவிட்ட லைனை எல்லாம் அவரிடம் தள்ளுவார்கள். மழைக்காலத்தில் கம்பியில் ஒரே இரைச்சல், கடலைக் கொண்டுவந்து காதில் ஊற்றின மாதிரி இருக்கும். அதற்குள்ளேயிருந்து ஒரு ஆளின் பெயரை, ஊரை, நம்பரை அவர் பிய்த்து எடுப்பார். ஒரு காதுக்கு மட்டும் வைக்கிற ஹெட்செட், இடது காது, அவருடைய தங்கக் காது. அந்த இடது காதில்தான் முதன்முதலில் இவள் வந்தாள். முகம் தெரியாது, பெயர் கூடத் தெரியாது. ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப்பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "திருச்சி, புதுக்கோட்டை பேசறேன்" என்று ஒரு குரல், இரைச்சலுக்கு மேலே, அவசரமில்லாமல், சுத்தமாக. அறந்தாங்கி லைன் எப்போதும் மோசம். திருச்சியில் பேசுகிறவனுக்கு அறந்தாங்கி கேட்காது, அறந்தாங்கிக்குத் திருச்சி கேட்காது, நடுவில் இருக்கிற புதுக்கோட்டைக்கு மட்டும் இரண்டும் கேட்கும். அப்போது திருச்சி ஆபரேட்டர் சொல்ல வேண்டும், "புதுக்கோட்டை, எடுத்துச் சொல்லும்மா." அவள் அந்தப் பக்கம் கேட்டு இந்தப் பக்கம் சொல்வாள், இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்வாள். ஒருநாள் அறந்தாங்கியிலிருந்து ஒருத்தன் தம்பிக்கு அப்பா செத்த சேதி சொல்கிறான். "அப்பா போயிட்டாரு, உடனே புறப்பட்டு வா" என்றான், அவ்வளவுதான், அந்த இரைச்சலிலும் குஞ்சிதபாதத்தின் காது அதைப் பிடித்துவிட்டது. புதுக்கோட்டை எடுத்துச் சொன்னது வேறு. "அப்பா தவறிட்டாருங்களாம். கஷ்டப்படலையாம், தூக்கத்துலயே போயிட்டாராம். பதறாம, சாப்பிட்டுட்டு பஸ் ஏறி வருவீங்களாம்." அண்ணன்காரன் இதில் பாதியைச் சொல்லவே இல்லை. சேர்த்துச் சொல்கிறாள்! விதிப்படி தப்பு, சூப்பர்வைசர் கேட்டால் மெமோ கொடுத்துவிடுவார். அந்தத் தம்பி அழுதுகொண்டே, "சரிங்கம்மா, சாப்பிட்டுட்டு வரேங்கம்மா" என்றான். லைனை எடுத்த பிறகு புதுக்கோட்டையும் மூக்கை உறிஞ்சியது கேட்டது. கட்டினால் இந்தக் குரலைக் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணியவர் அவர். பிறகு பஸ் ஏறிப் போய் ஆளைப் பார்த்து, வீட்டில் சொல்லி, ஜாதகம் பார்த்து, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. கல்யாணமான புதிதில் வீட்டுக்குள்ளேயே "புதுக்கோட்டை" என்று கூப்பிடுவார், "சொல்லுங்க திருச்சி" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். எப்போது நின்றுபோனது அது? அப்படிப்பட்ட குரல் இப்போது பால்கனியில் போய் யாரிடமோ முணுமுணுக்கிறது என்றால் வயிறு எரியுமா எரியாதா?

"லியோன் பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்காளாம். அவளைப் பத்திக் கேக்குறான்" என்றாள் பிரகதாம்பாள். இதுவும் ஒரு புதுப் பழக்கம், படம் ஓடும்போது வாய் ஓயாமல் பேசுவது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. முன்பெல்லாம் வலது பக்கத்து நாற்காலிதான் அவளுக்கு, ஜன்னல் ஓரம், காற்று வரும். பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் நாற்காலியைத் தூக்கி இடது பக்கம் போட்டுக்கொண்டாள். ஏன் என்றதற்கு, "அங்கே வெயில் அடிக்குது" என்றாள். சாத்திய திரைக்குள் என்ன வெயில்? வலது பக்கம் இருந்தால் மடியில் வைத்த போனின் வெளிச்சம் அந்தப் பக்கத்து அலமாரிக் கண்ணாடியில் தெரியும், அதுதான் விஷயம் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். டிவி விஷயமும் அப்படித்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் காலை நடையைப் பாதியில் விட்டுவிட்டு, முழங்கால் வலி என்று சீக்கிரம் திரும்பி வந்தார். வீடு அமைதியாக இருந்தது. பிரகதாம்பாள் கோலமாவு டப்பாவோடு கூடத்தில் நின்றாள், கோலம் வாசலில் அல்லவா போடுவார்கள். பழைய தொழில் புத்தி, போர்டு சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கிற புத்தி, சும்மா போகிற மாதிரிப் போய் டிவியின் முதுகைத் தொட்டார். சுட்டது. அதாவது அவர் வெளியே போகிற நேரம் பார்த்து இங்கே 'நான்காம் மேசை' ஓடுகிறது. தனியாக ஒரு பெண்பிள்ளை காலங்காத்தாலே கோலத்தைக் கூடப் போடாமல் இந்தச் சவ்வைப் பார்ப்பாளா? யாரோடு பார்க்கிறாள்? அல்லது யார் சொல்லிப் பார்க்கிறாள்? ஞானாதிக்கம் இப்போதெல்லாம் நடைக்குத் தாமதமாக வருகிறார். சில நாள் வருவதே இல்லை. சீ, என்ன நினைப்பு இது, அந்த மனுஷருக்கு எழுபத்துமூன்று வயது, இடுப்பில் பெல்ட்டு. ஆனால் போன வாரம் இவள், "பேசாம இருக்கிறதுக்கும் சேத்து வசனம் எழுதியிருக்கான்" என்றாள், அதே வார்த்தையை அன்றைக்குக் காலையில் ஞானாதிக்கம் குழுவில் எழுதியிருந்தார். குழுவில்தான் அவளும் இருக்கிறாளே, படித்திருப்பாள். படித்ததைத் தன் பேச்சு மாதிரி ஏன் சொல்ல வேண்டும்? சரி, அதுவும் போகட்டும். அடுத்த சனிக்கிழமை கடைசிப் பாகம். அதை அசோசியேஷன் ஹாலில் பெரிய திரை கட்டி இரண்டு கட்சியும் சேர்ந்து பார்ப்பது, அப்புறம் சுண்டலும் காபியும் வைத்துக்கொண்டு பேசித் தீர்ப்பது என்று ஏற்பாடு. மேசைக் கட்சியின் முதல் ரசிகை குதித்துக்கொண்டு போக வேண்டாமோ? "நாம வேண்டாங்க, வீட்டுலயே பாப்போம்" என்கிறாள். ஏன் என்றால் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அந்த ஆளும் இவளும் ஒரே இடத்தில் இருந்தால் எதுவோ வெளிப்பட்டுவிடும் என்றுதானே? எப்படித் திருப்பிப் போட்டாலும் அங்கேயே வந்து நின்றது.

இன்றைக்குக் கேட்டுவிடுவது. பாகம் முடிந்ததும், விளக்கைப் போட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல், "யாரோட பாத்தே?" என்று ஒரே கேள்வி. மூன்று நாளாக அந்தக் கேள்வியை வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டுவிட்டால் அப்புறம் திருப்பி எடுக்க முடியாது என்று தெரியும், தெரியாமல் இல்லை. யாரோடும் இல்லை என்றால் நாற்பது வருஷத்துப் பெண்டாட்டியை அசிங்கப்படுத்தினதாக ஆகும். இன்னாரோடு என்றால், அதை நினைக்கவே வேண்டாம். திரையில் லியோன் டீயை எடுத்தான். "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு ஊருக்கே போறேங்கிறான்" என்றாள் பிரகதாம்பாள். குஞ்சிதபாதம் விறைத்துக்கொண்டார். அவள் சொல்லி முடித்த பிறகுதான் லியோன் டம்ளரைக் கீழே வைத்தான், பிறகுதான் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான், பிறகுதான் வாயைத் திறந்தான். கதாபாத்திரத்தை முந்திக்கொண்டு வசனம் வருகிறது! மாட்டிக்கொண்டாள். இன்னும் ஒன்று வேண்டும், அசைக்க முடியாத ஒன்று. அது தானாகவே வந்தது. பிரகதாம்பாள் திடீரென்று எழுந்தாள். ஒரு காரணமும் இல்லை, ஒரு கூப்பிடுதல் இல்லை, உட்கார்ந்திருந்தவள் எழுந்து வாசலைப் பார்த்தாள். போனில் ஏதாவது சமிக்ஞை வந்ததோ? "நிறுத்தி வைங்க, இதோ வந்துடறேன்" என்றாள். நிறுத்தவா? நிறுத்த மாட்டேன், ஓடட்டும், முதல்முறை பார்க்கிறவளாக இருந்தால் ஐயோ போச்சே என்று பதறுவாய், பார்த்தவளாக இருந்தால் அலட்டிக்கொள்ள மாட்டாய், பார்த்துவிடுவோம். அவள் கதவுப் பக்கம் போனதும் மெல்லத் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். கதவுக்கு வெளியே இஸ்திரிக்கார அம்மா, தலையில் துணி மூட்டை, இன்னும் ஒரு விரல் அழைப்பு மணியின் மேலேயே இருந்தது.

மணியின் மேலே. அப்படியானால் மணி அடித்தது. அடித்திருக்கிறாள், இப்போது கூட மறந்தாற்போல விரலை வைத்துக்கொண்டிருக்கிறாள், அந்த மணி தெருமுனை வரைக்கும் கேட்கும், சத்தம் போதாது என்று அவரே கடைக்காரனிடம் சண்டை போட்டு வாங்கி மாட்டியது. ஒன்றும் கேட்கவில்லை. சரி, அது கிடக்கட்டும், மணி கெட்டுப்போயிருக்கும் என்று அவசரமாகத் திரையின் பக்கம் திரும்பினார். அதிவீரன் பேசிக்கொண்டிருந்தான். அதாவது அதிவீரனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. லியோனின் உதடு அசைந்தது. அதிவீரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மெல்லக் குனிந்து, டிராயரை இழுத்தான். இரண்டாம் பாகத்தில் உள்ளே போன துப்பாக்கி வெளியே வந்தது. மேசை மேல் வைத்தான். என்னவோ சொன்னான். லியோன் அவனைப் பார்த்தபடியே இருந்து, சிரித்தான், சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. அதிவீரன் இன்னும் என்னவோ சொன்னான். குஞ்சிதபாதம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இடது காதைத் திரைக்குக் கொடுத்தார். தூரத்தில் எங்கேயோ இரைச்சல், மழைக்காலத்துக் கம்பி இரைச்சல், அதற்குள்ளேயிருந்து எதையாவது பிய்த்து எடுக்க முடியுமா என்று பார்த்தார், ஒரு பெயர், ஒரு ஊர், ஒன்றே ஒன்று. வரவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார், எண் ஏறியது, இரைச்சல் பெரிதானது, பேச்சு வரவில்லை. இத்தனை நாள் கேட்டதே! அதிவீரன் குரல் எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தார், கனமான ஆம்பிளைக் குரலாக இருக்க வேண்டும் அல்லவா. "பயந்தவன் டம்ளரை ரெண்டு கையால பிடிப்பான்." அவசரமில்லாமல், சுத்தமாக, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. அது பொம்பிளைக் குரல். லியோன் குரல்? அதுவும் அதே குரல். முதல் பாகத்தில் கப்பல் தலைவன் சொன்னது, நாலாம் பாகத்தில் லியோன் பெண்டாட்டி கெஞ்சினது, எட்டு பாகமும் எல்லாருமே புதுக்கோட்டைக் குரலில்தான் பேசியிருக்கிறார்கள். இடது நாற்காலி. தங்கக் காது இருக்கிற பக்கத்து நாற்காலி. ஹால் வேண்டாம் என்றது எதற்கு என்று இப்போது தெரிந்தது. அத்தனை பேருக்கு நடுவில் அவள் எப்படி வாயைத் திறப்பாள்? ஞானாதிக்கம் பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு வசனம் வரவே இல்லைதான். இவள்தான் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். விதிப்படி தப்பு. ஐயோ, என்னவெல்லாம் நினைத்தேன், யாரை நினைத்தேன், அந்தப் பெல்ட்டுக் கட்டின மனுஷரைப் போய், என்று தன்னைத்தானே வாயார வைதுகொண்டார். வைதது மனசுக்குள்ளேயா, வாய்விட்டா என்று அவருக்கே தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் இப்போதுதான் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இடது காதும் போய்விட்டால்? அந்தக் குரலும் ஒருநாள் வெறும் உதடாகிவிட்டால்?

பிரகதாம்பாள் தேய்த்த துணி அடுக்கைக் கட்டிலில் வைத்துவிட்டு வேகமாக வந்தாள். திரையைப் பார்த்தாள், எகிறிக் கிடக்கிற சத்தத்தைப் பார்த்தாள். "ஐயோ, நிறுத்தலையா நீங்க? நல்ல இடமாச்சே" என்று ரிமோட்டை வாங்கி நிறுத்தினாள். லியோன் அழுத முகத்தோடு அப்படியே நின்றான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பக்கம் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். "அந்தத் துப்பாக்கியை வச்சுட்டு என்ன சொல்றான் தெரியுங்களா? 'இதுல குண்டே கிடையாது லியோன். உன்னைப் பயமுறுத்தலாம்னு வச்சிருந்தேன். இத்தனை நாள் இதை வச்சுக்கிட்டு நான்தான் பயந்துட்டு இருந்திருக்கேன்'கிறான். லியோன் முதல்ல சிரிக்கிறான், அப்புறம் பாவம்..." என்று சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள். வாசலில் துணி எண்ணிக்கொண்டு நின்றவளுக்குக் கூடத்தில் நடந்த பேச்சு எப்படித் தெரியும்? அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. கை தானாக வாய்க்குப் போனது. அவரைப் பார்த்தாள். பொய் ஒன்றைத் தேடுகிற மாதிரி இருந்தது, கிடைக்கவில்லை.

"காலையில நீங்க நடக்கப் போனதும் ஒரு தடவை போட்டுப் பாத்துருவேங்க" என்றாள். வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவர் இடது காதுக்கு நேராக. "முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டாத்தான் அவன் வாயைத் திறக்கும்போது கரெக்டா சொல்ல வருது. மீனாதான் அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லிக்கொடுத்தா. உங்ககிட்ட சொன்னா கோபப்படுவீங்கன்னு..." முடிக்கவில்லை. கண்ணில் பயம் இருந்தது. தன் பெண்டாட்டி தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்பது அவருக்குத் தாங்கவில்லை.

மூன்று நாளாக உருட்டி வைத்திருந்த கேள்வி வாய்க்குள் இருந்தது, அதைக் கேட்கவும் இல்லை, இனிமேல் கேட்கப் போவதும் இல்லை. டிவியில் நின்றுகொண்டிருந்த லியோனைப் பார்த்தார். அப்புறம் அவள் கையிலிருந்த ரிமோட்டைத் தொட்டு, ஓட விடு என்கிற மாதிரி ஜாடை காட்டினார்.

"புதுக்கோட்டை" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"லைன் ரொம்ப மோசமா இருக்கும்மா. இங்கே ஒண்ணுமே கேக்கலை. எடுத்துச் சொல்லும்மா."

அவளுக்கு உதடு கோணிக்கொண்டது. மூக்கை உறிஞ்சினாள், அதை அவர் கண்ணால்தான் பார்த்தார். தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இன்னும் ஒட்டினாற்போல் இழுத்துப் போட்டு, "சொல்றேன் திருச்சி, லைன்லயே இருங்க" என்றாள்.

படம் ஓடியது. அதிவீரன் வாயைத் திறந்தான், அவள் சொன்னாள். லியோன் வாயைத் திறந்தான், அவள் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் இரண்டு பேரும் வாயையே திறக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கேயும் அவள் என்னமோ சொன்னாள். இது அவனுங்க சொல்லலையே என்று அவர் கேட்கவில்லை.

"அடுத்த வாரம் ஹாலுக்குப் போவோம்" என்றார் குஞ்சிதபாதம். "எல்லாரும் பாப்பாங்களேங்க" என்றாள் அவள். "பாக்கட்டும். நீ எனக்கு இடது பக்கம் உக்காந்து சத்தமாவே சொல்லு."